"இந்தியன் என்றால் யார், ஒரே வரியில் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். எனக்கு வார்த்தையே வரவில்லை

கக்கதாசபுரக்காரன்:

பெங்களூரில் எங்கள் அபார்ட்மெண்டில் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி, லட்டு கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்தினார்கள். ஏழாவது படிக்கும் என் மகளுக்கு விழுந்த கேள்வி: நம் தேசிய மொழி எது? அவள் "அப்படி ஒன்றும் கிடையாது" என்றாள். தப்பு என்று சொல்லி அடுத்த பையனிடம் போனார்கள். அவன் "இந்தி" என்றான், கைதட்டல், அவனுக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். என் மகளுக்கு அரசியலமைப்பெல்லாம் அப்புறம்தான், அந்த ஜாமெட்ரி பாக்ஸ் கைவிட்டுப் போனதுதான் வருத்தம்.

எனக்குப் பொறுக்கவில்லை. ராத்திரி உட்கார்ந்து வாட்ஸாப் குரூப்பில் நீளமாகப் போட்டேன். அரசியலமைப்பின் 343-ஆவது பிரிவு தேவநாகரியில் எழுதும் இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்றுதான் சொல்கிறது, தேசிய மொழி என்ற பேச்சே அதில் இல்லை, இந்தியைத் தேசிய மொழியாக அறிவித்ததற்குப் பதிவு எதுவும் இல்லை என்று 2010-இல் குஜராத் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது, நம்பாவிட்டால் பர்ஸிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பாருங்கள், இந்தியும் ஆங்கிலமும் போக இன்னும் 15 மொழிகளில் தொகை அச்சாகியிருக்கிறது என்று. நாலைந்து பேர் கட்டை விரல் போட்டார்கள்.

அப்புறம் டி பிளாக் அங்கிள் எழுதினார். கான்பூர்க்காரர், ரிடையர் ஆனவர், நல்ல மனுஷன். என் அப்பா பாத்ரூமில் விழுந்த அன்று ராத்திரி ரெண்டு மணிக்குத் தன் காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர். அவர் கேட்டார்: "சரி, மொழி இல்லை. மதமும் இல்லை என்பீர்கள். சாப்பாடு, உடுப்பு, அதுவும் இல்லை. அப்படியானால் இந்தியன் என்பவன் யார்? ஒரே வரியில் சொல்லுங்கள், பார்க்கலாம்." கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். நானும் முக்கால் மணி நேரம் அடித்து அடித்து அழித்தேன். கடைசியில் "பாஸ்போர்ட் வைத்திருப்பவர்" என்று போட, "எனக்குப் பாஸ்போர்ட் இல்லையே" என்றார் மூணாவது மாடி அம்மா.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. என் எதிர் ஃபிளாட் கன்னடக்காரர் ஒரே வரியில் முடித்தார். "இந்தி தேசிய மொழி இல்லை என்று உங்கள் மகளுக்குத் தெரிந்திருப்பதில் ரொம்ப சந்தோஷம் சார். அவளுக்குக் கன்னடம் எழுத வருமா?"

வராது. தாத்தா 1952-இல் தூரவாணி நகர் டெலிபோன் ஃபேக்டரியில் வேலைக்கு வந்தவர். அப்பா இங்கே பிறந்தார், நான் இங்கே பிறந்தேன், அவளும் இங்கேதான். கடையில், ஆட்டோவில் கன்னடம் நன்றாகப் பேசுவாள். எழுதச் சொன்னால் பெயரோடு நின்றுவிடும்.

ஆகவே கேட்கிறேன். இத்தனை மொழி, இத்தனை சாதி, இத்தனை சாமி இருக்கிற நாட்டில் "இதுதான் அசல் இந்தியன்" என்று ஒரு வரையறை இருக்க முடியுமா? இல்லையென்றால், ஒருவர் நேருக்கு நேர் கேட்கும்போது என்னதான் பதில் சொல்வது? சண்டைக்கு ஆள் சேர்க்கவில்லை. யோசித்துச் சொல்லுங்கள்.

சட்டம்படித்தவள்:

முதலில் உங்கள் அங்கிளுக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். அவர் கேட்கும் அந்த ஒரு வரி அரசியலமைப்பிலேயே இல்லை. 5 முதல் 11 வரையான பிரிவுகள் குடிமகன் யார் என்று சொல்கின்றன. இந்தியத்தன்மை என்றால் என்ன என்று எங்கேயும் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அரசியல் நிர்ணய சபை கூடிய இரண்டாம் நாளே, 1946 டிசம்பர் 10 அன்று, ஐக்கிய மாகாணத்து (இன்றைய உத்தரப் பிரதேசம்) உறுப்பினர் துலேகர் எழுந்து, இந்துஸ்தானி தெரியாதவர்களுக்கு இந்தியாவில் இருக்கவே உரிமை இல்லை என்கிற அளவுக்குப் பேசினார். 1948 நவம்பரில் நம்ம மெட்ராஸ் உறுப்பினர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பேசினார்: முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா, ஐக்கிய மாகாணத்து நண்பர்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று. உங்கள் குரூப்பில் நடந்த சண்டை அங்கே மூன்று வருஷம் நடந்திருக்கிறது. நடந்த பிறகுதான் அந்த வரியை எழுதாமல் விட்டார்கள்.

சரி, குடிமகன் வரையறையாவது நிலையானதா என்றால் அதுவும் இல்லை. 1955 சட்டப்படி இந்த மண்ணில் பிறந்தால் போதும். 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்தவருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு என்றால் ஒருவர் இந்தியராக இருந்தாலும் போதாது, இன்னொருவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. ஒரே தெருவில், ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே மாதிரிக் குடும்பத்தில் பிறந்த மூன்று குழந்தைகளுக்கு மூன்று பதில். இதில் எது அசல்?

எனக்கு இந்த விஷயத்தில் எப்போதும் நினைவுக்கு வருவது 1964 சாஸ்திரி–ஸ்ரீமாவோ ஒப்பந்தம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களை இரண்டு அரசும் உட்கார்ந்து பாகம் பிரித்தார்கள். 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி ஒன்றரை லட்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்வோம். மண்டபத்தையோ ராமேஸ்வரத்தையோ கண்ணால் பார்த்திராதவர்கள் எல்லாம் ஒரு காகிதத்தில் இந்தியர் ஆனார்கள். இந்தியாவிலிருந்து போன கூலிகளின் பேரப்பிள்ளைகள் இன்னொரு காகிதத்தில் இந்தியர் ஆகாமல் போனார்கள். அப்புறம் 2019 திருத்தம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு வழி திறந்தது. தமிழ்நாட்டு முகாமிலேயே பிறந்து வளர்ந்த ஈழத்துப் பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. அந்தப் பிள்ளையிடம் போய் ஒரு வரியில் வரையறை சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஹலசூர்_தாத்தா:

தம்பி, நான் 1960-லிருந்து ஹலசூரில் இருக்கிறேன். நம் ஆட்கள் அல்சூர் என்பார்கள், எனக்கு ரெண்டும் ஒன்றுதான்.

சட்டம் அந்தப் பெண் சொல்லிவிட்டாள், நான் ஊரைச் சொல்கிறேன். இது பிறந்ததிலிருந்தே இரண்டு ஊர். பழைய ஊரான பேட்டை ஒன்று, 1809-இல் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்காகப் போட்ட தண்டு, அதாவது கண்டோன்மெண்ட், ஒன்று. தண்டில் பட்டாளத்தோடு வந்த தமிழ்க்காரர்கள், பேட்டையில் கன்னடமும் தெலுங்கும் மராத்தியும். இரண்டுக்கும் தனித்தனி நகரசபை. 1949-இல்தான் சேர்த்து ஒரே கார்ப்பரேஷன் ஆக்கினார்கள். இன்றைக்கும் இந்த ஊரில் கன்னடம் தாய்மொழி என்று எழுதிக்கொடுப்பவர்கள் பாதிக்கும் குறைவு. அதனால்தான் அவர்களுக்கு அந்தப் பயம், அது நியாயமான பயம் என்பது என் அபிப்பிராயம். சொந்த வீட்டில் ஒருத்தன் இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்தால் கோபம் வரத்தானே செய்யும்.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு கெஜட்டில் வந்த மறுநாளே தமிழர்கள் இடங்களுக்குத் தீ வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்று மாலை கீழ் வீட்டு அம்மா, ஹாசன் பக்கத்துக்காரர், மேலே ஏறி வந்து எங்கள் ஹாலில் தொங்கிய தமிழ் நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டு, தன் வீட்டுக் கன்னட நாள்காட்டியை மாட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார். ஒரு வாரம் கழித்து எங்களுடையதைத் திருப்பிக் கொடுத்தார். எடுத்துப் பார்த்தால், அன்றைய தேதியில் இருந்தது. தினமும் ஞாபகமாகத் தாள் கிழித்திருக்கிறார். என் மனைவி அதைச் சொல்லிச் சொல்லியே காலம் முழுக்க அழுவாள்.

அதே வருஷம்தான் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை வைத்தார்கள், திறக்க விடவில்லை. 18 வருஷம் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றார் மனுஷன். 2009 ஆகஸ்ட் 9 அன்று இங்கே அவரைத் திறந்தார்கள், நாலு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரைத் திறந்தார்கள். நீ ஒன்று கொடு, நான் ஒன்று கொடுக்கிறேன். பண்டமாற்று என்று நிறையப் பேர் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. சம்பந்தம் பண்ணும்போது தட்டு மாற்றிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி.

இன்னொன்று. கரகம் பார்த்திருக்கிறாயா? பெங்களூரின் ஆதித் திருவிழா என்று கன்னடக்காரர்களே மார்தட்டுவது. தர்மராய சாமி கோவிலிலிருந்து சைத்ர மாதப் பௌர்ணமி ராத்திரி கிளம்பும். அதைத் தூக்குவது திகளர் என்ற சமூகத்தார். அவர்கள் முன்னோர் தமிழ்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கும்பிடுவது திரௌபதியை. தலையில் கரகம் வைக்கும் ஆண்பிள்ளை பெண் வேஷத்தில் போவார். போகிற வழியில் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்றுவிட்டுத்தான் மேலே போகும். இதில் எது அசல் பெங்களூர் என்று கத்தி எடுத்து வெட்டிக் காட்டு, பார்ப்போம்.

காவிரியும் அப்படித்தான் ஆகிப்போச்சு. 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நதி தேசத்தின் சொத்து, எந்த மாநிலமும் தனக்கே என்று சொல்ல முடியாது என்றது. அதே தீர்ப்பில் பெங்களூர் குடிதண்ணீருக்கென்று 4.75 டி.எம்.சி. கூடுதலாகக் கர்நாடகத்துக்குக் கொடுத்தது. அந்த 4.75-இல் என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அடக்கம். தஞ்சாவூரில் என் அண்ணன் மகன் வயல் காய்கிறது என்று போனில் திட்டுவான். நான் குளித்துவிட்டு வந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

மத்திகெரெ_மணி:

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்டவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மொழி இல்லை, மதம் இல்லை, சட்டமும் மாறிக்கொண்டே இருக்கிறது, கரகம் தர்காவுக்குப் போகிறது, சரி. இப்படி "இல்லை இல்லை" என்றே அடுக்கிக்கொண்டு போனால் கடைசியில் என்ன மிஞ்சும்? லாட்ஜ்தான் மிஞ்சும். அவரவர் ரூம், அவரவர் சாவி, மாசம் பிறந்தால் வாடகை.

நான் கேட்கிறேன், அஸ்ஸாமில் வெள்ளம் வந்தால் என் வரிப்பணம் அங்கே போகிறது. நான் அஸ்ஸாம் போனதில்லை, அந்த மொழி ஒரு வார்த்தை தெரியாது. எந்த உரிமையில் போகிறது, ஏன் எனக்கு அது வலிக்கவில்லை? நேபாளத்தில் வெள்ளம் வந்தால் "ஐயோ பாவம்" என்பேன், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்துக்கு ஒரு பெயர் இருக்க வேண்டுமல்லவா? அதை வரையறுக்கவே கூடாது என்றால், நாளைக்கு யாராவது வந்து "ஏன் கொடுக்கணும்" என்று கேட்கும்போது வாயை மூடிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

அம்பேத்கரைப் படியுங்கள். 1949 நவம்பர் 25, சபையில் அவருடைய கடைசிப் பெரிய பேச்சு. நாம் ஏற்கனவே ஒரு தேசம் என்று நம்புவதே பெரிய மயக்கம், ஆயிரக்கணக்கான சாதியாகப் பிரிந்து கிடப்பவர்கள் எப்படித் தேசம் ஆவார்கள் என்று கேட்டார். அதோடு விட்டாரா? இல்லை. ஆக வேண்டும் என்றார், அதற்குச் சகோதரத்துவம் வேண்டும் என்றார். ஆக வேண்டிய ஒன்று என்றால் என்னவாக ஆக வேண்டும் என்று ஒரு வடிவம் மனதில் இருக்கத்தானே வேண்டும்? எதுவும் இல்லாமல் கொத்தனார் சுவர் எழுப்புவாரா?

இன்னொன்று, அண்ணா 1962-இல் ராஜ்யசபையில் நின்று திராவிட நாடு கேட்டார். 1963-இல் விட்டுவிட்டார். பிரிவினைத் தடைச் சட்டம் வந்தது ஒரு காரணம், சீனப் போர் இன்னொன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருடைய ஆட்கள் அதற்குப் பிறகு மனப்பூர்வமாகவே உள்ளே இருந்தார்கள், டெல்லியில் மந்திரியாகவும் இருந்தார்கள். எதை ஏற்றுக்கொண்டு இருந்தார்கள்? அதுதான் நான் கேட்கும் அந்த ஒரு வரி.

சாப்பர்_வீட்டுப்_பையன்:

மணி அண்ணா, நல்ல கேள்விதான், ஆனால் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறீர்கள். ஒரு வரிக்குத் தலையாட்டிவிட்டு யாரும் உள்ளே இருக்கவில்லை. எங்கள் வரியை நாங்களே எழுதிக்கொள்ள விட்டார்கள், இருந்தோம். 1965-இல் அத்தனை பேர் செத்த பிறகு 1967-இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கொடுத்தார்கள். 1969 ஜனவரி 14 மெட்ராஸ் ஸ்டேட் தமிழ்நாடு ஆனது. 1973 நவம்பர் 1 மைசூர் கர்நாடகம் ஆனது. பெயரில் "நாடு" என்று வைத்தும் ஒன்றும் உடையவில்லை.

ஒரே வரி போட்டுப் பார்த்த பக்கத்து வீடுகளும் இருக்கின்றன. பிரியாத பழைய பாகிஸ்தானில் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை, வங்காளி பேசுபவர்கள் பாதிக்கும் மேல். 1948-இல் ஜின்னா டாக்காவுக்கே போய் உருது மட்டும்தான் என்றார். 1952 பிப்ரவரி 21 மாணவர்களைச் சுட்டார்கள். 1971-இல் பாதி நாடு போனது. இலங்கையில் 1956 சிங்களம் மட்டும் சட்டம். அதற்குப் பிறகு நடந்ததைத் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் அப்பா ஹலசூர் ஏரியை ஒட்டிய மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற இராணுவப் பொறியாளர் படையின் மையத்தில் இருந்தவர். அங்கே ஜவான்களை இன்றைக்கும் "தம்பி" என்றுதான் சொல்வார்கள், ஹரியானாவிலிருந்து வரும் அதிகாரியும் "தம்பி" என்றுதான் கூப்பிட வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டின் போர் முழக்கம் தெரியுமா? "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு!" இந்திய இராணுவத்தில், எல்லையில், இந்தியாவுக்காக. சீக்கிய ரெஜிமெண்டுக்கு அவர்கள் "போலே சோ நிஹால்" முழக்கம், கூர்க்காக்களுக்குக் காளி. சாகப் போகிற இடத்திலேயே ஒரே வரி வேண்டுமென்று அவர்கள் கேட்கவில்லை, உங்கள் அங்கிளுக்கு வினாடி வினாவில் வேண்டுமாம்.

கூர்க்கா என்றதும் இன்னொன்று. நேபாள வெள்ளத்துக்கு "ஐயோ பாவம்" மட்டும்தான் என்றீர்கள். எங்கள் அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி நேபாளத்துக்காரர். அவருடைய மாமா இந்திய இராணுவத்தில் 17 வருஷம் இருந்து பென்ஷன் வாங்குகிறார். நேபாளக் குடிமகன், இந்தியச் சிப்பாய். நாலு வருஷ ஒப்பந்தத்தில் சிப்பாய் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்தபிறகுதான் அங்கிருந்து ஆள் எடுப்பது நின்றிருக்கிறது. எதிர் கேட்டில் இன்னொரு செக்யூரிட்டி, டார்ஜிலிங்காரர். இரண்டு பேரும் ஒரே மொழி பேசுகிறார்கள், ஒரே தசைன் (அவர்கள் தசரா) கொண்டாடுகிறார்கள். ஒருவர் இந்தியர், ஒருவர் இல்லை. ஆனால் டார்ஜிலிங்காரரைத்தான் எல்லாரும் "நீ எந்த நாடு" என்று கேட்கிறார்கள். அவர் மொழி உங்கள் பர்ஸில் இருக்கும் நோட்டில் அச்சாகியிருக்கிறது, 15-இல் ஒன்றாக.

சிவாஜிநகர்_பாய்:

இந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். மணி சாரிடம் யாராவது "இந்தியன் என்று நிரூபி" என்று கேட்டிருக்கிறார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். உள்ளே சோபாவில் உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. வாசலில் நிற்பவனிடம்தான் கேட்பார்கள்.

எங்கள் பூர்வீகம் ஆம்பூர். வீட்டில் தமிழ், கடையில் தக்கனி உருது, ரோட்டில் கன்னடம். வடக்கே போனால் "மதராஸி." இங்கே 2016 காவிரிக் கலவரத்தில் பஸ்ஸை எரித்தபோது நான் தமிழன், கடையைச் சாத்திவிட்டுப் பின் சந்து வழியாக ஓடினேன். அது போகட்டும். தமிழ்க்காரர்களே, நல்ல படித்தவர்களே, என்னிடம் கேட்பது என்ன தெரியுமா? "நீங்க தமிழா, முஸ்லிமா?" ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டால் மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் போல. என் உம்மாவுக்குத் தமிழைத் தவிர ஒரு பாஷை தெரியாது. அவர் துஆ கேட்பதும் தமிழில்தான்.

நான் மேலே எழுதினால் சூடாகிவிடும். இத்தோடு விடுகிறேன்.

கேஜிஎஃப்_காரி:

பாய் அண்ணா சொன்னதைப் பிடித்துக்கொண்டே போகிறேன், இது நம் ஆட்களுக்கும் உறைக்க வேண்டும். பெங்களூரில் உட்கார்ந்து "தேசிய அடையாளத்துக்கு ஒரே வரையறை கிடையாது" என்று முழங்குகிற அதே வாய், தமிழ்நாட்டு விஷயம் வந்ததும் "உண்மையான தமிழன் யார்" என்று சாதிப் பட்டியல் எடுத்துக்கொண்டு வருகிறது. மதுரையில் நானூறு வருஷத்துக்கு மேலாக நெசவு நெய்கிற சௌராஷ்டிரர் தமிழர் இல்லையாம், கோயம்புத்தூரில் தெலுங்கு பேசும் வீடு வந்தேறியாம். ஆனால் பெங்களூரில் பிறந்து இங்கே பஸ் கண்டக்டராக இருந்த மராத்தி வீட்டுப் பிள்ளைக்குப் பாலாபிஷேகம். அப்போது மட்டும் வரையறை எங்கே போனது?

கன்னடப் பக்கமும் பாருங்கள். ஞானபீடம் வாங்கிய கன்னடக்காரர்களில் மாஸ்தி வீட்டில் தமிழ், பேந்த்ரே வீட்டில் மராத்தி, கர்னாட் வீட்டில் கொங்கணி. இவர்களை விட்டுவிட்டுக் கன்னட இலக்கியம் பேச முடியுமா? ஆனால் 2024 ஜூலையில் உள்ளூர்க்காரர் வேலை மசோதா என்று ஒன்று கொண்டுவந்தார்களே, நிர்வாக வேலையில் 50 சதவீதம், மற்றதில் 70 என்று, அதில் உள்ளூர்க்காரர் என்றால் இங்கே பிறந்து, 15 வருஷம் வாழ்ந்து, கன்னடம் பேச எழுதப் படிக்கத் தெரிந்தவர். பத்தாவதில் கன்னடம் ஒரு பாடமாக இல்லையென்றால் பரீட்சை எழுத வேண்டும். கம்பெனிகள் கூச்சல் போட்டதும் கிடப்பில் போட்டார்கள், அது வேறு கதை.

அந்தக் கணக்கில் எங்கள் அம்மா தேற மாட்டார். எங்கள் கொள்ளுத்தாத்தாவை வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயல் (கேஜிஎஃப்) சுரங்கத்துக்கு அழைத்து வந்தார்கள். நாலு தலைமுறை கோலார் மண்ணுக்கு அடியில் போய் வந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடியதிலிருந்து தினமும் விடிகாலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ஊர் அது. அம்மா அங்கே தமிழ் மீடியத்தில் படித்தவர். இந்த மண்ணில் எங்கள் வீட்டு ஆண்கள் போன ஆழத்துக்கு எந்த உள்ளூர்க்காரரும் போயிருக்க மாட்டார். ஆனால் பரீட்சை வைத்தால் ஃபெயில்.

இதெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றும் சொல்கிறேன், கக்கதாசபுரம் சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் எதிர் ஃபிளாட்காரர் கேட்டது தப்பே இல்லை. "எழுத வராவிட்டால் நீ வெளியாள்" என்றால் சண்டை போடலாம். "எழுத வருமா" என்றுதான் கேட்டிருக்கிறார். மூணு தலைமுறையில் ஒரு அம்பது எழுத்து கற்றுக்கொள்ள நமக்கு நேரமில்லாமல் போனது எப்படி? நான் முப்பது வயசில் கற்றுக்கொண்டேன். தமிழ் தெரிந்தவர்களுக்கு முக்கால்வாசி வார்த்தை பழகினதாகவே இருக்கும், இந்த "ஹ"தான் வழுக்கும். பாலு ஹாலு ஆகிறது, பூவு ஹூவு ஆகிறது, அவ்வளவுதான்.

மத்திகெரெ_மணி:

சாப்பர் தம்பி, போர் முழக்கம் விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். பாய் சொன்னதும் சரி, என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஆனால் அஸ்ஸாம் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஹலசூர்_தாத்தா:

மணி, அந்தக் கீழ் வீட்டு அம்மா நாள்காட்டியை எந்த வரையறையைப் பார்த்துவிட்டு மாற்றினார்?

மத்திகெரெ_மணி:

தாத்தா, அது அக்கம்பக்கம். பக்கத்து வீட்டுக்கு அது போதும். அஸ்ஸாமின் திப்ருகர் பக்கத்து வீடு இல்லையே. முகம் தெரியாதவனுக்கும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றால் ஏதோ ஒன்று வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அது மொழியாகவோ மதமாகவோ இருக்க வேண்டும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

சட்டம்படித்தவள்:

அதை எழுதினால் "இன்னாரெல்லாம் சேர்த்தி இல்லை" என்று முடியாத வரியாக எழுதுங்கள் மணி சார், நானும் கையெழுத்துப் போடுகிறேன். துலேகர் சொன்னது அப்படி முடிந்தது, அதுதான் தொந்தரவு.

கக்கதாசபுரக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாள் வேலை அதிகம், இப்போதுதான் முழுசாகப் படித்தேன். தாத்தாவின் நாள்காட்டி விஷயத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். அப்பா, 1991-இல் எங்கள் தெருவில் நடந்ததை முதல் தடவையாகச் சொன்னார். இத்தனை வருஷம் அவர் வாயைத் திறந்ததே இல்லை. அதை இங்கே எழுத மனசு வரவில்லை.

டி பிளாக் அங்கிளை நேற்று லிஃப்டில் பார்த்தேன். ஒரு வரி கிடைத்ததா என்றார். இல்லை சார், கிடைக்காது போலிருக்கிறது, ஆனால் நீங்கள் இந்தியர் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை, என்னிடம் நீங்கள் ஏன் கேட்டீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், அவர் வீட்டில் பேசுவது இந்தியே இல்லையாம், சொந்த ஊர் பலியா பக்கம், போஜ்புரியாம். வேலைக்காகத்தான் கான்பூர் போனார்களாம். பள்ளிக்கூடத்தில் போஜ்புரி பேசினால் முட்டி போட வைப்பார்களாம். சென்சஸில் போஜ்புரி பேசும் அஞ்சு கோடிப் பேரை இந்தியில்தான் சேர்த்துக் கணக்கு எழுதுகிறார்கள் என்று இணையத்தில் காட்டினேன். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. "என்ன செய்வது, அப்போதிருந்தே அப்படித்தான்" என்றார். எட்டாவது மாடி வந்தும் இறங்கவில்லை, என்னோடு பதினொன்று வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

எதிர் ஃபிளாட்காரர் வீட்டு அம்மா சனி, ஞாயிறு சாயந்திரம் கன்னடம் எழுதச் சொல்லித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மகள் மட்டும் போதும் என்று நினைத்தேன், அப்பனும் வரட்டும் என்கிறார். முதல் வகுப்பு முடிந்தது. எனக்கு "ள"வும் "ழ"வும் தனித்தனி எழுத்தாக இல்லாதது பெரிய அதிர்ச்சி, மகளுக்கு அதுதான் பெரிய நிம்மதி.

அப்புறம், குரூப்பில் அவ்வளவு பேசினதற்குத் தண்டனையாக நவம்பர் 1, கர்நாடக மாநிலம் உருவான நாளான ராஜ்யோத்சவத்தின் வினாடி வினாவை என் தலையில் கட்டிவிட்டார்கள். 25 கேள்வி வேண்டும், பரிசுக்கு 2,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். ஜாமெட்ரி பாக்ஸ் கண்டிப்பாக உண்டு. கரகமும் மாஸ்தியும் 1949 கார்ப்பரேஷனும் எடுத்துக்கொண்டேன். மற்றதற்கு யோசனை சொல்லுங்கள். விடைகளைத் தாத்தா ஒரு தடவை பார்த்துக் கொடுத்தால் நல்லது.

ஹலசூர்_தாத்தா:

அனுப்பு, பார்க்கிறேன். பெரிய எழுத்தில் அனுப்பு. என் பேத்தியையும் அழைத்து வரலாமா? கேள்வி எந்த பாஷையில்?

கக்கதாசபுரக்காரன்:

கன்னடத்தில்தான் தாத்தா. மகள் எழுதிக்கொண்டிருக்கிறாள், பிழை இருந்தால் எதிர் வீட்டு அம்மா திருத்துவார்.